விளக்கு மங்காத இடம்

கிணற்று மோட்டாரைப் போட்டதும் வீட்டு விளக்கு ஒரு கணம் மங்கிப் பிறகு தெளிவதைப் பார்த்திருப்பீர்கள். "லோ வோல்டேஜ்" என்று வீட்டில் பெரியவர்கள் சலித்துக்கொள்வார்கள். சில இடங்களிலோ எவ்வளவு பெரிய மோட்டாரைப் போட்டாலும் விளக்கு அசைவதே இல்லை. "இங்கே கரண்ட் நல்லா இருக்கு" என்று அதைப் புகழ்வார்கள். இந்தக் கட்டுரை அந்த "நல்ல கரண்ட்" உள்ள இடத்தைப் பற்றியது. அங்கே மறைந்திருக்கும் ஆபத்தைப் பற்றியது.

சோழவந்தானுக்குப் பக்கத்தில் ஒரு பால் குளிரூட்டும் நிலையம். பெயர் வேண்டாம். என்னிடம் இயற்பியல் படித்து, பிறகு ஐ.டி.ஐ.யில் மின்பணியாளர் பயிற்சி முடித்த மாணவர் ஒருவர் அங்கே வேலை செய்கிறார். 2017-இல் அந்த நிலையத்தில் இரண்டாவது கம்ப்ரஸர் ஒன்று வந்தது. அதற்காக 250 கே.வி.ஏ. மின்மாற்றியை எடுத்துவிட்டு 500 கே.வி.ஏ. மின்மாற்றியை வைத்தார்கள். புதிய மின்மாற்றியை இயக்கிய நாளில் நானும் போயிருந்தேன். கம்ப்ரஸரைப் போட்டார்கள்; விளக்கு சிமிட்டவே இல்லை. "பாத்தீங்களா சார்" என்றார் மாணவர். "பிரமாதம்" என்றேன். காப்பி கொடுத்தார்கள், குடித்துவிட்டு வந்தேன். ஒரு சிறு வகுத்தல் கணக்கை அன்றே நான் போட்டிருக்க வேண்டும். போடவில்லை.

2019 வைகாசி. ஜெனகை மாரியம்மன் கோயில் திருவிழாச் சமயம். இரவு ஒன்பது மணி சுமாருக்குப் பழைய கம்ப்ரஸரின் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் எலி ஒன்று புகுந்து, மின்முனைகளுக்குக் குறுக்கே விழுந்தது. பிரேக்கர் விழுந்து மின்சாரம் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. பிரதான மின்பலகையில் இருந்த பிரேக்கர் வெடித்துச் சிதறியது. புழுக்கத்துக்காகப் பலகையின் கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். எதிரே நின்ற என் மாணவருக்கு வலது கையில் முழங்கைவரை தீப்புண்.

மருத்துவமனையில் அவர் என்னிடம் கேட்ட கேள்வி இதுதான்: "பிரேக்கர் நல்ல கம்பெனிது சார். 250 ஆம்பியர். மோட்டார் எடுக்கிறது 130 தான். ஓவர்லோடே இல்லையே, எதுக்கு சார் வெடிச்சது?"

நியாயமான கேள்வி. விடையைத் தேடுவோம்.

பாலுக்கு ஏன் இவ்வளவு மின்சாரம்?

கறந்த பால் பசுவின் உடல் வெப்பத்தில், ஏறத்தாழ 38 டிகிரியில் இருக்கும். நம் வெயிலில் அது சில மணி நேரம் அப்படியே கிடந்தால் திரிந்துவிடும். சீக்கிரமே 4 டிகிரிக்குக் கொண்டுவந்தால் பாக்டீரியாவின் பெருக்கம் வெகுவாகக் குறைகிறது. ஒரு லிட்டர் பாலை ஒரு டிகிரி குளிர்விக்க ஏறத்தாழ 4 கிலோஜூல் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். நிலையத்துக்கு வந்து சேரும்போது பால் 34 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 டிகிரி இறக்க வேண்டும். லிட்டருக்கு 120 கிலோஜூல். 40,000 லிட்டருக்கு 48 லட்சம் கிலோஜூல். இதை மூன்று மணி நேரத்தில் முடிப்பதென்றால் விநாடிக்கு 444 கிலோஜூல், அதாவது 444 கிலோவாட் வெப்பத்தை இறைத்து வெளியே கொட்ட வேண்டும்.

குளிர்பதனக்காரர்கள் இதை "டன்" கணக்கில் சொல்வார்கள். இந்த டன் எடை அல்ல. 2,000 பவுண்டு, அதாவது 907 கிலோ பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது உறிஞ்சும் வெப்பத்தின் வேகமே ஒரு டன். கணக்குப் போட்டால் 3.5 கிலோவாட் வரும். பனிக்கட்டியை வெட்டி விற்ற காலத்து அளவு, இன்றும் ஒழியவில்லை. 444-ஐ 3.5-ஆல் வகுத்தால் 127 டன். இதற்கு நூறு குதிரைத்திறனில், அதாவது 75 கிலோவாட்டில், இரண்டு அம்மோனியா கம்ப்ரஸர்கள் தேவைப்பட்டன. இத்தகைய பெருஞ்சுமைக்குத் தெருக்கம்பத்து மின்சாரம் போதாது. 11,000 வோல்ட் இணைப்பு வாங்கி, சொந்த மின்மாற்றியைத் தன் வளாகத்திலேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். மின்மாற்றிக்கும் கம்ப்ரஸருக்கும் இடையே நாற்பது ஐம்பது அடி தூரம்தான். இந்தத் தூரத்தை நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

கண்மாயும் மடையும்

சோழவந்தான் பக்கம் நெல்லும் தென்னையும், 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற வெற்றிலைக் கொடிக்காலும் உண்டு. வைகையில் பேரணையிலிருந்து பிரியும் பெரியாறு பிரதானக் கால்வாயும், ஊர்தோறும் உள்ள கண்மாய்களும் இந்த வட்டாரத்தின் உயிர்.

ஒரு வயலுக்கு மடை வழியாகத் தண்ணீர் பாய்கிறது. எவ்வளவு பாய்கிறது? வயலுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. மடையைத் திறப்பவர் கணக்காகத் திறக்கிறார். இப்போது அந்த மடையே உடைந்து போயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு பாயும்? வயலின் தேவைக்கும் இதற்கும் இனி எந்தச் சம்பந்தமும் இல்லை. பின்னால் இருப்பது சிறு குட்டையானால் வரப்பு கரையும். பெரிய கண்மாய் என்றால் ஊரே மிதக்கும்.

மின்சாரத்திலும் இதேதான். ஒழுங்காக ஓடும்போது மின்னோட்டத்தைத் தீர்மானிப்பது மோட்டார். மோட்டாருக்குப் போகும் முன்பே இரு கம்பிகள் நேராக ஒட்டிக்கொண்டால் அதற்குப் பெயர் குறுக்குச் சுற்று. அப்போது மோட்டார் ஆட்டத்திலேயே இல்லை. பாயும் மின்னோட்டத்தைத் தீர்மானிப்பது பின்னால் நிற்கும் மின்மாற்றியும் இடையிலுள்ள கம்பியும் மட்டுமே.

இங்கே ஒரு சொல். எங்கே தீப்பிடித்தாலும் நம் செய்தித்தாள்கள் "மின்கசிவு காரணமாக" என்று எழுதுகின்றன. கசிவு என்பது சில மில்லி ஆம்பியர், சில ஆம்பியர் தவறான வழியில் ஒழுகுவது. குறுக்குச் சுற்றோ கண்மாய் உடைப்பு. இரண்டும் வேறு, காக்கும் கருவிகளும் வேறு.

ஒரு வகுத்தல் கணக்கு

கணக்குக்கு வேண்டிய எண்கள் மின்மாற்றியின் பெயர்த்தகட்டிலேயே இருக்கின்றன. ஒன்று, திறன்: 500 கே.வி.ஏ. இன்னொன்று, வெளிவரும் மின்னழுத்தம்: 433 வோல்ட். மூன்றாவது ஒரு சதவீதம். இவ்வகை மின்மாற்றிகளில் பெரும்பாலும் 4.5. இதை மின் எதிர்ப்புச் சதவீதம் என்பார்கள். சிறிய எண், யாரும் அதை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. ஆனால் மொத்தக் கதையும் அதற்குள்தான் இருக்கிறது.

அதை அளக்கும் முறை அழகானது. மின்மாற்றியின் தாழ் அழுத்த முனைகளை வேண்டுமென்றே கனத்த செம்புப் பட்டையால் இணைத்துவிடுவார்கள். பிறகு உயர் அழுத்தப் பக்கத்தில் பூஜ்யத்திலிருந்து மெல்ல மெல்ல மின்னழுத்தத்தை ஏற்றுவார்கள். இணைத்த பட்டையில் முழுச்சுமை மின்னோட்டம் ஓடத் தொடங்கும்போது ஏற்றுவதை நிறுத்தி, எவ்வளவு ஏற்றினோம் என்று பார்ப்பார்கள். 11,000 வோல்ட் மின்மாற்றிக்கு 495 வோல்ட் போதுமானதாக இருந்தால் அது 4.5 சதவீதம்.

இப்போது நீங்களே யோசியுங்கள். 4.5 சதவீத அழுத்தத்திலேயே முழுச்சுமை மின்னோட்டம் ஓடுகிறதென்றால், முழு நூறு சதவீத அழுத்தமும் இருக்கும்போது குறுக்குச் சுற்று நேர்ந்தால் எவ்வளவு ஓடும்? 100-ஐ 4.5-ஆல் வகுங்கள். 22 மடங்கு!

முழுச்சுமை மின்னோட்டம் எவ்வளவு? மும்முனை மின்சாரத்தில் திறனை 1.732-ஆலும் மின்னழுத்தத்தாலும் வகுக்க வேண்டும். 1.732 × 433 என்பது அழகாக 750 வருகிறது. ஆகவே,

500 கே.வி.ஏ.: 5,00,000 ÷ 750 = 667 ஆம்பியர். குறுக்குச் சுற்றில் 667 ÷ 0.045 = 14,800 ஆம்பியர்.

250 கே.வி.ஏ.: 2,50,000 ÷ 750 = 333 ஆம்பியர். குறுக்குச் சுற்றில் 333 ÷ 0.045 = 7,400 ஆம்பியர்.

(11,000 வோல்ட் லைனுக்கும் ஓரளவு எதிர்ப்பு உண்டு, அதைச் சேர்த்தால் இந்த எண்கள் சற்றுக் குறையும். பாதுகாப்புக் கணக்கில் அதை விட்டுவிட்டால் பிழை நல்ல பக்கமாகவே இருக்கும்.)

வெடித்த பிரேக்கரின் தகடு கரி படிந்து கிடந்தது. துடைத்துப் பார்த்தேன். அதில் இரண்டு எண்கள் இருந்தன. 250 ஆம்பியர்; என் மாணவர் சொன்னது. இன்னொன்று, 10 கிலோ ஆம்பியர். பிரேக்கரால் எவ்வளவு பெரிய மின்னோட்டத்தைப் பத்திரமாக முறித்து நிறுத்த முடியும் என்பதன் எல்லை அது. பழைய மின்மாற்றி இருந்தவரை வரக்கூடியது 7,400; முறிக்கக்கூடியது 10,000. கவலையில்லை. மின்மாற்றியை மாற்றிய அன்றே வரக்கூடியது 14,800 ஆகிவிட்டது. பிரேக்கர் அதேதான். இரண்டு வருடம் அது பேசாமல் இருந்தது, எலி வராததால்.

விளக்கு ஏன் மங்கவில்லை?

இப்போது விளக்குக்கு வருவோம். 500 கே.வி.ஏ. மின்மாற்றியின் மின் எதிர்ப்பு, ஒரு முனைக்கு 250 வோல்ட்டை 14,800-ஆல் வகுத்தால், 0.017 ஓம். பழையதுக்கு 0.034 ஓம். அந்தக் கம்ப்ரஸரை ஸ்டார்-டெல்டா முறையில் தொடங்கும்போது ஏறத்தாழ 260 ஆம்பியர் இழுக்கிறது. பழைய மின்மாற்றியில் இது 9 வோல்ட்டைத் தின்றது, விளக்கு சிமிட்டியது. புதியதில் நாலரை வோல்ட்தான், கண்ணுக்கே தெரியவில்லை.

எதிர்ப்பு பாதியானதால் விளக்கின் மங்கலும் பாதியாயிற்று. அதே எதிர்ப்பு பாதியானதால் குறுக்குச் சுற்று மின்னோட்டம் இரு மடங்காயிற்று. ஒரே எண்ணின் இரண்டு முகங்கள் இவை. அன்று நான் "பிரமாதம்" என்று சொன்ன காட்சியிலேயே எச்சரிக்கையும் இருந்தது.

கம்பியின் நீளமும் கணக்கில் வரும். 16 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 50 மீட்டருக்கு 0.0575 ஓம் மின்தடை. இதை மின்மாற்றியின் 0.017 ஓமுடன் நேராகக் கூட்டக்கூடாது. மின்மாற்றியின் எதிர்ப்பு பெரும்பகுதி மின்தூண்டலால் வருவது, கம்பியுடையதோ மின்தடை. இரண்டும் செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்கள் போல. உங்கள் பழைய நண்பர் பித்தகோரஸைக் கூப்பிடுங்கள்: கர்ணம் 0.06 ஓம். 250-ஐ அதனால் வகுத்தால் 4,170 ஆம்பியர். வெறும் 50 மீட்டர் மெல்லிய கம்பி, 14,800-ஐ நாலாயிரத்துச் சொச்சமாக்கிவிட்டது!

ஆனால் 75 கிலோவாட் கம்ப்ரஸருக்கு மெல்லிய கம்பி போட முடியுமா? 120 சதுர மில்லிமீட்டர் அலுமினியக் கேபிள், அதுவும் 15 மீட்டர்தான். அதன் மின்தடை 0.004 ஓம்கூட இல்லை. ஸ்டார்ட்டர் பெட்டியில் வரக்கூடிய மின்னோட்டம் 13,600. முன்பு நினைவில் வைக்கச் சொன்ன தூரம் இதுதான். பெரிய குளிர்பதன இயந்திரங்கள் மின்மாற்றிக்குப் பக்கத்தில், தடித்த கேபிளின் முனையில் உட்கார்ந்திருக்கின்றன. கண்மாய்க் கரையை ஒட்டிய வயலைப் போல.

இன்னும் ஒன்று உண்டு, பலரும் மறப்பது. ஓடிக்கொண்டிருக்கும் மற்றொரு கம்ப்ரஸர் என்ன செய்கிறது? குறுக்குச் சுற்றால் மின்னழுத்தம் விழுந்ததும் அதன் சுழலி உடனே நின்றுவிடாது. சுற்றிக்கொண்டிருக்கும், உள்ளே காந்தப்புலமும் சற்று நேரம் இருக்கும். ஆகவே சில சுழற்சிகள்வரை அது மின்னாக்கியாக மாறி, தன் முழுச்சுமையைப் போல் நான்கு முதல் ஆறு மடங்கு மின்னோட்டத்தைக் குறுக்குச் சுற்றுக்கு ஊட்டுகிறது. 130 ஆம்பியர் மோட்டாரானால் 650 என்று கொள்ளலாம். இரண்டு கம்ப்ரஸருக்கு 1,300. பிரதான மின்பலகைக்கு 14,800 உடன் இதையும் சேர்த்தால் 16,000 தாண்டுகிறது.

பதினைந்தாயிரம் ஆம்பியர் என்ன செய்யும்?

1820-இல் பாரிஸில் ஆம்பியர் செய்து காட்டிய சோதனையைப் படித்திருப்பீர்கள். இணையாக உள்ள இரு கம்பிகளில் மின்சாரம் ஓடினால் அவை ஒன்றையொன்று இழுக்கும் அல்லது தள்ளும். பாடப் புத்தகத்தில் இந்த விசை மிகச் சிறியது. தேர்வுக்குப் பின் மறந்துவிடுவோம். இதை மின்பலகைக்குள் கொண்டுபோய்ப் பாருங்கள்.

5 சென்டிமீட்டர் இடைவெளியில் இரு செம்புப் பட்டைகள். 667 ஆம்பியர் என்பது மாறுமின்னோட்டத்தின் சராசரி வகை அளவு. அதன் உச்சம் 943 ஆம்பியர். மீட்டருக்கு விசை 3.6 நியூட்டன், 360 கிராம் எடைக்குச் சமம். ஒரு குழந்தை பிடித்துவிடும். குறுக்குச் சுற்றின் முதல் உச்சமோ ஒரு பக்கமாகச் சாய்ந்து எழுவதால் 15,000 ஆம்பியருக்கு ஏறத்தாழ 30,000 வரை போகிறது. மின்னோட்டம் 32 மடங்கு. விசை அதன் வர்க்கம், ஆயிரம் மடங்கு. 360 கிராம் 360 கிலோ ஆகிறது! அதுவும் மெல்ல அழுத்தும் எடை அல்ல. நூறில் ஒரு விநாடிக்குள் விழும் சம்மட்டி அடி. பட்டைகளைத் தாங்கும் பீங்கான் அல்லது பிளாஸ்டிக் தாங்கிகள் இதற்கென்று செய்யப்படாவிட்டால் நொறுங்கும்.

வெப்பமும் வர்க்கத்தில்தான் ஏறும். 16 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, பி.வி.சி. உறையுடன், 15,000 ஆம்பியரைத் தாங்கக்கூடிய நேரம் 0.015 விநாடி. ஒரு சுழற்சிக்கு 0.02 விநாடி என்பது தெரியும். அதில் முக்கால் பங்கு. அதற்குமேல் உறை கெட்டுப்போகும்.

பிரேக்கர் ஏன் வெடிக்கிறது? அதன் முனைகள் பிரிந்தவுடன் மின்சாரம் நின்றுவிடுவதில்லை. இடையிலுள்ள காற்று பல ஆயிரம் டிகிரி வெப்பமுள்ள மின்வில்லாக மாறி அதன் வழியே ஓடிக்கொண்டிருக்கும். உள்ளே அடுக்கிய இரும்புத் தகடுகள் அந்த வில்லைத் துண்டு துண்டாக வெட்டிக் குளிர்வித்து, மின்னோட்டம் பூஜ்யத்தைத் தொடும் கணத்தில் அணைத்துவிட வேண்டும். 10,000 ஆம்பியர் வில்லை அணைக்கச் செய்த தகடுகளும் பெட்டியும் 14,000 ஆம்பியரிடம் தோற்றன. வில் அணையவில்லை, செம்பு ஆவியானது, பெட்டிக்குள் வாயுவின் அழுத்தம் ஏறியது. பிறகு நடந்ததுதான் தெரியுமே.

நிலையத்தில் என்ன செய்தார்கள்?

என் மாணவர் கை ஆறி வேலைக்குத் திரும்பப் பல வாரங்கள் ஆயின. தோலின் நிறம் இன்னும் ஒன்றாகவில்லை. திரும்பியதும் ஒரு தாளோடு என் வீட்டுக்கு வந்தார். பெட்டிக்குள் உள்ள ஒவ்வொரு உறுப்பின் தகட்டையும் படித்துப் பட்டியல் போட்டிருந்தார். இருவரும் உட்கார்ந்து பார்த்தோம்.

ஸ்டார்ட்டர் பெட்டி முழுவதற்கும் சேர்த்துக் "குறுக்குச் சுற்று தாங்கு அளவு" என்று ஒன்று உண்டு. பெட்டியில் உள்ளவற்றுள் எது மிகப் பலவீனமானதோ அதன் அளவே பெட்டியின் அளவு. 25 கிலோ ஆம்பியர் பிரேக்கரை மட்டும் வாங்கி மாட்டிவிட்டு, அருகில் 5 கிலோ ஆம்பியர் இணைப்பு முனைகளை விட்டுவைத்தால் பெட்டி 5-தான். மோட்டாரைப் போடவும் நிறுத்தவும் உள்ள காண்டாக்டர் என்ற உறுப்போ குறுக்குச் சுற்றை முறிப்பதற்கென்று செய்யப்பட்டதே அல்ல. அந்தச் சமயத்தில் அதன் முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளக்கூடும்.

இதற்கு எளிய காவலன் எச்.ஆர்.சி. உருகி. பீங்கான் உடல், உள்ளே வெள்ளி அல்லது செம்புத் தகடு, சுற்றிலும் படிக மணல். பெரும் மின்னோட்டம் வந்தால் கால் சுழற்சிக்குள், 0.005 விநாடிக்கும் குறைவான நேரத்தில், அது உச்சத்தைத் தொடும் முன்பே தகடு உருகிவிடும். மணல் வில்லை விழுங்கித் தானும் உருகிக் கண்ணாடிபோல் கட்டியாகும். 30,000-ஐ எட்ட வேண்டிய உச்சம் பாதி வழியிலேயே மடங்குகிறது. பின்னால் உள்ள காண்டாக்டருக்கு அந்த முழு வேகம் தெரியவே தெரியாது. ஆனால் எந்த உருகி எந்தக் காண்டாக்டரைக் காக்கும் என்பதை ஊகிக்கக் கூடாது. சேர்த்துச் சோதித்த இணைதான் செல்லும். பெங்களூரில் 1960-இல் தொடங்கப்பட்ட மத்திய மின் ஆராய்ச்சி நிறுவனத்தில், இதற்கென்றே 2,500 எம்.வி.ஏ. அளவுள்ள குறுக்குச் சுற்று ஆய்வுக்கூடம் இருக்கிறது. பிரேக்கரைக் குறித்த மின்னோட்டத்தில் ஒரு முறை முறிக்கவிட்டு, மூன்று நிமிடம் கழித்து அதே மின்னோட்டத்தின்மீதே மூடி மறுபடி முறிக்கச் சொல்வார்கள். தகட்டில் உள்ள எண் இத்தகைய சோதனையில் தேறி வாங்கியது.

அந்த நிலையத்தில் பிரதானப் பலகையை 25 கிலோ ஆம்பியருக்கு மாற்றினார்கள். ஒவ்வொரு கம்ப்ரஸர் பெட்டிக்கும் முன்னால் உருகிகள் வந்தன. எலி நுழையும் கேபிள் துளைகளை அடைத்தார்கள். கதவு இப்போது மூடியிருக்கிறது. புழுக்கத்துக்கு விசிறி வைத்திருக்கிறார்கள். கதவின் மேல் என் மாணவர் வெள்ளை வண்ணத்தில் எழுதியிருக்கிறார்: "இங்கு வரக்கூடிய குறுக்குச் சுற்று மின்னோட்டம் 16 கிலோ ஆம்பியர். மின்மாற்றி 500 கே.வி.ஏ." கீழே கணக்கிட்ட தேதி. அதற்குக் கீழே இன்னொரு தேதிக்கு இடம் விட்டிருக்கிறார்.

அவருக்குத் தெரியாமலேயே இதில் ஒரு வெளிநாட்டு விதியையும் பின்பற்றிவிட்டார். அமெரிக்காவின் தேசிய மின்விதித் தொகுப்பு, பெரிய குளிர்பதனக் கருவிகளின் தகட்டில் இந்தத் தாங்கு அளவைப் பொறிக்க வேண்டும் என்று 2005 பதிப்பில் கொண்டுவந்தது. வரக்கூடிய மின்னோட்டம் அதைவிட அதிகமான இடத்தில் கருவியை நிறுவக்கூடாது, வரக்கூடிய மின்னோட்டத்தையும் கணக்கிட்ட தேதியையும் குறித்துவைக்க வேண்டும் என்பவை 2017 பதிப்பில் சேர்ந்தன. நம் நாட்டிலும் மத்திய மின்சார ஆணையத்தின் 2010-ஆம் ஆண்டுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள், மின்கருவிகள் எதிர்பார்க்கும் பழுது மின்னோட்டத்துக்குத் தகுந்த அளவில் இருக்க வேண்டும் என்று சொல்லின. 2023-இல் அவற்றுக்குப் பதிலாகப் புதிய ஒழுங்குமுறைகள் வந்தன. விதி இருந்தது. மின்மாற்றி மாறிய நாளில் அந்த வரியை நினைத்துப் பார்க்க ஆள்தான் இல்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நீங்கள் செய்து பார்க்க

வீட்டு எம்.சி.பி.யின் முகப்பைப் பாருங்கள். எதையும் திறக்க வேண்டாம், தொடவும் வேண்டாம், பார்த்தால் போதும். ஒரு சிறு கட்டத்துக்குள் 6000 என்றோ 10000 என்றோ அச்சிட்டிருக்கும். அது அந்த எம்.சி.பி. முறிக்கக்கூடிய மின்னோட்டம், ஆம்பியரில். பிறகு உங்கள் தெரு மின்மாற்றியின் திறனை யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், அல்லது வேலிக்கு வெளியே தூரத்தில் நின்று படியுங்கள். 63 கே.வி.ஏ. என்றால், 63,000 ÷ 750 = 84 ஆம்பியர். 84 ÷ 0.045 = 1,870. உங்கள் வீட்டு எம்.சி.பி.க்கு இது எளிது.

கிராமத்துக் கடைக்கோடியில் உள்ளவர்களுக்கு வேறொரு தொல்லை. கம்பி மிக நீளமாக இருப்பதால் குறுக்குச் சுற்று மின்னோட்டம் மிகவும் குறைந்து, உருகி உடனே உருகாமல் போகலாம். அறுந்து வயலில் விழுந்த கம்பியில் மின்சாரம் நிற்காமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அத்தகைய கம்பியை ஒருபோதும் நெருங்காதீர்கள்.

கடைசியாக ஒரு கணக்கு. ஒரு மருத்துவமனையில் 500 கே.வி.ஏ. மின்மாற்றி, மின்பலகைகளும் குளிர்சாதனப் பெட்டிகளும் 25 கிலோ ஆம்பியர் தாங்கக்கூடியவை. சுமை இரண்டு மடங்காகிறது. 5 சதவீத மின் எதிர்ப்புள்ள 1,000 கே.வி.ஏ. மின்மாற்றி ஒன்றை வாங்கலாம் என்கிறார் ஒருவர். 4.5 சதவீதத்தில் இன்னொரு 500 கே.வி.ஏ. வாங்கி, இரண்டையும் ஒன்றாக இணைத்துவிடலாம் என்கிறார் இரண்டாமவர். இணைக்காமல் பாதிச் சுமையைப் பழையதிலும் பாதியைப் புதியதிலும் வைக்கலாம் என்கிறார் மூன்றாமவர். மூவரின் யோசனைக்கும் குறுக்குச் சுற்று மின்னோட்டத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஓடும் மோட்டார்களுக்காக ஒவ்வொன்றிலும் 2,000 ஆம்பியர் சேர்த்துக்கொள்ளுங்கள்.